வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? தங்கைக்குப் போட்ட கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணசரலாம் என்று பாயை விரித்த நேரத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பேப்பர் போட்டுடட்டுமா?" எடுத்த எடுப்பில் இதுதான். பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னையில் ஒரு கால் சென்டரில் நைட் ஷிப்ட், பிடித்தம் போகக் கையில் 18,000 வருகிறது. அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தமிழ்நாட்டு அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி நடத்துகிற குரூப் 2 தேர்வுக்கு முழுநேரமாகப் படிக்க வேண்டுமாம். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் அப்படித்தான் கிளம்பிப் போய்விட்டாளாம்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு, நான் இரண்டையும் செய்து பார்த்தவன். 2021-ல் பி.எஸ்சி. முடித்ததும் 14 மாதம் வீட்டில் உட்கார்ந்து படித்து 2022 ஜூலையில், பத்தாம் வகுப்புத் தகுதிக்கான குரூப் 4 எழுதினேன், கிடைக்கவில்லை. அப்புறம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஷிப்டுக்குப் போய்க்கொண்டே படித்து 2024 ஜூனில் எழுதினேன், கிடைத்தது, இளநிலை உதவியாளர். "அப்ப வேலைல இருந்துக்கிட்டே படின்னு சொல்லப் போற, அதானே?" என்றாள். அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஒரு நாள் கூட வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்து, நான் கோட்டை விட்ட அதே 2022 தேர்வில் தேறினான். கம்பெனி ரூமில் என்னோடு ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்தவன் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறான். அதனால் என் கதையை வைத்து வழி சொல்ல வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். போனிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடிற்று. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், அவளைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள் என்பதால்.

முதலில் கூட்டத்தைப் பாருங்கள். 2022 குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 7,301 இடம், விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். 2024-ல் 20 லட்சத்துக்கு மேல். 2025-ல் எண்ணிக்கை குறைந்து 13.89 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், ஆனால் அறிவித்த இடமும் 3,935 ஆகக் குறைந்தது, அதாவது ஒரு இடத்துக்கு 350 பேர். குரூப் 2, 2ஏ இரண்டும் சேர்த்து 2024-ல் 2,327 இடத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் பேர். இதில் பாதிப் பேர் 100 ரூபாய் கட்டணம்தானே என்று போட்டு வைப்பவர்கள், அவர்களைக் கணக்கில் எடுக்காதே என்று கோச்சிங் சென்டர்களில் சொல்வார்கள். எடுக்க வேண்டாம், சரி. பாதியைக் கழித்துவிட்டாலும் குரூப் 4-ல் இடத்துக்கு 175 பேர் நிற்கிறார்கள், அதில் நிறையப் பேர் பி.இ., எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வை எழுதுகிறவர்கள்.

இதனால்தான் நான் ஒரு அளவுகோலை முதலிலேயே வைத்தேன். தேறினால் எந்த வழியில் படித்தாலும் அது நல்ல வழிதான், அதைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. தேறாவிட்டால் கையில் என்ன மிஞ்சும், அதை மட்டும் வைத்து ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்.

இன்னொன்று, தேதி நம் கையில் இல்லை. 2019 செப்டம்பர் 1-ல் ஒரு குரூப் 4 நடந்தது. அடுத்தது நடந்தது 2022 ஜூலை 24-ல். நடுவில் கொரோனா, ஏறக்குறைய மூன்று வருஷம். 2019-ல் வேலையை விட்டுவிட்டு அடுத்த தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு நடுவில் 2021 டிசம்பரில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி அரசாணை வந்தது. அதற்கு முன்னால் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு அக்கா இரண்டு வருஷமாக ஆங்கிலத்தை வரிவரியாகப் படித்து வைத்திருந்தார். அரசாணை வந்த மறுநாள் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், யாரோடும் பேசவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு வர வேண்டும் என்பது எனக்கும் ஏற்புடையதுதான். ஆனால் அந்த அக்காவுக்கு அந்த இரண்டு வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை. முடிவு வருவதும் அப்படித்தான். 2022 ஜூலையில் எழுதியதற்கு 2023 மார்ச் 24-ல் முடிவு வந்தது, எட்டு மாதம். 2024-ல் பரவாயில்லை, ஜூன் 9-ல் எழுதினோம், அக்டோபர் 28-ல் வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆண்டுத் திட்ட அட்டவணை போடுகிறார்கள், ஓரளவு அதன்படியே நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. படிப்பு முடியும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவார்கள், நேர்முகத்துக்கு அழைப்புக் கார்டு வரும்வரை காடு கரையைப் பார்ப்பார்கள். படிப்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், நடுவில் காத்திருப்பு. இப்போது 28 வயதிலும் படிப்பு முடிவதில்லை, வேலையும் வேலையாகத் தொடங்குவதில்லை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கிறது.

சரி, வீட்டில் இருந்து படிப்பது. இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. தேர்வுக்கு வேண்டிய, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான சமச்சீர்ப் பள்ளிப் புத்தகங்களை முதல் தடவை முழுசாகப் படித்து முடிக்க நீளமான பொழுது வேண்டும். அரசியலமைப்பு, வரலாறு, பொருளாதாரம் எல்லாம் பத்து பத்து நிமிஷமாகப் படித்தால் தலையில் நிற்காது. நான் 14 மாதத்தில் அந்த அடித்தளத்தைப் போட்டுவிட்டேன். இரண்டாம் தடவை ஷிப்டுக்கு நடுவில் படித்துத் தேறினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே, அது இந்த 14 மாதத்தின் மேல் நின்று செய்தது.

ஆனால் வீட்டில் இருந்தால் பத்து மணி நேரம் படிக்கலாம் என்பது பொய். பழைய டைரி ஒன்றில் தினமும் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று குறித்துவைத்தேன், புத்தகம் திறந்திருந்த நேரத்தை விட்டுவிட்டுப் படித்த நேரத்தை மட்டும். முதல் ஆறு மாதம் சராசரி ஐந்தரை மணி. அதற்குப் பிறகு நாலு, மூன்றரை, கடைசியில் சில வாரம் இரண்டு. ஏனென்றால் வீட்டில் இருப்பவன் ஊருக்கே இருப்பவன். ரேஷனில் பருப்பு போடுகிறார்களாம், போய் நில். கேஸ் சிலிண்டர் வருமாம், பார்த்துக்கொள். சித்தப்பாவுக்கு ஆதாரில் போன் நம்பர் மாற்ற வேண்டுமாம், கூடப் போ. மறுத்தால், "சும்மாதானடா இருக்க." கோபப்பட முடியாது, அவர்கள் கண்ணுக்கு நான் சும்மாதான் இருந்தேன். கையில் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதை எங்கள் தெருவில் வேலை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதிலிருந்து தப்பிக்கத்தான் நூலகம். காலை எட்டரைக்கே போய் வாசலில் பையை வரிசையில் வைக்க வேண்டும். பையில்லாதவன் தண்ணீர் பாட்டிலை வைப்பான். ஒரு நாள் யாரோ ஒற்றைச் செருப்பை வைத்து இடம் பிடித்திருந்தார்கள், ஆள் வெறும் காலோடு டீக்கடையில் நின்றான். மத்தியானம் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தால் எல்லோருக்கும் புளிச்சோறு அல்லது தக்காளிச் சோறு, பேச்சு எல்லாம் கட் ஆஃப் மதிப்பெண் பற்றித்தான். அந்தப் பேச்சில்தான் நாள் போகும். அந்த மரத்தடியில் நான் கற்றதும் உண்டு, தொலைத்ததும் உண்டு, எது அதிகம் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கு இது. மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கிற டெஸ்ட் பேட்ச் 3,500, புத்தகம் ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 2,000 சொச்சம். இது பெரிதில்லை. 14 மாதம் போகாமல் விட்ட சம்பளம்தான் பெரிது. பின்னால் கம்பெனியில் பிடித்தம் போக 14,500 வாங்கினேன், அந்தக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல். அப்புறம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேனே, அதுதான் மோசமான காலம். படிக்கவும் தோன்றாது, வேலை தேடவும் தோன்றாது, கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. மூன்று மாதம் அப்படிப் போன பிறகு, அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டு வந்த அன்றைக்குத்தான் நண்பனுக்குப் போன் போட்டு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன். நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஒரு வருஷத்துக்கு மேல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" படித்தேன் என்றேன். என்ன படித்தீர்கள் என்றார். ஆறாம் வகுப்புப் புத்தகம் என்று எப்படிச் சொல்வது?

ஆக, தேறாவிட்டால் வீட்டு வழியில் மிஞ்சுவது அடித்தளம் ஒன்றுதான். அதைச் சம்பளச் சீட்டில் காட்ட முடியாது, அடுத்த தேர்வில்தான் காட்ட முடியும். அதனால் ஒரு தடவை தோற்றவர் அடுத்த தடவையும் உட்காருகிறார், அதற்கடுத்த தடவையும். விட்டுவிட்டால் போட்டதெல்லாம் வீண் என்கிற பயம். எங்கள் நூலகத்தில் அப்படி ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் ஒருவரை எல்லோரும் "சார்" என்றுதான் கூப்பிடுவோம்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு கணக்கு ஓடுகிறது, தங்கையிடம் அதையும் பேசினேன். "பொண்ணு குரூப் எக்ஸாமுக்குப் படிக்குது" என்பது மாப்பிள்ளைப் பேச்சுக்கு ஒரு வருஷம் தடுப்புச் சுவர். அதற்காகவே படிக்க உட்காருகிற பெண்களும் இருக்கிறார்கள், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவர் ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கும். முதல் முடிவு சாதகமாக வராத அன்றைக்குத் தரகர் வீட்டுக்கு வருவார். சம்பாதிக்கிற பெண் "வேண்டாம்" என்பதற்கும் வீட்டில் இருக்கிற பெண் "வேண்டாம்" என்பதற்கும் நம் வீடுகளில் எடை ஒன்றாக இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா ஏற்கெனவே இரண்டு ஜாதகம் வாங்கி வைத்திருப்பது அவளுக்கும் தெரியும்.

சென்னையிலோ மதுரையிலோ விடுதி எடுத்து, கோச்சிங்கில் சேர்ந்து முழுநேரமாகப் படிப்பது வீட்டு வழியின் விலை கூடிய வடிவம், அவ்வளவுதான். ரேஷன் கடைக்குப் போகச் சொல்ல ஆள் இருக்காது என்பது லாபம், மாதம் ஏழாயிரம் எட்டாயிரம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் என்பது நஷ்டம். பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாக இலவச வகுப்பு நடக்கிறது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. யூபிஎஸ்சி என்றால் கதையே வேறு, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து நான் முதல்வன் திட்டத்தில் மாதம் 7,500 வீதம் பத்து மாதம் தருகிறார்கள். குரூப் 4, குரூப் 2 படிக்கிறவனுக்கு அப்பாதான் திட்டம்.

இனி வேலையில் இருந்துகொண்டே படிப்பது. நான் இருந்தது மூன்று ஷிப்ட் கம்பெனி. ஏ ஷிப்ட் என்றால் காலை ஐந்து மணிக்குள் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், பி ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வர இரவு பதினொன்றரை, சி ஷிப்ட் விடிய விடிய. போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் எனக்குக் குமட்டும். அதனால் இரண்டு வேலை செய்தேன். நூல், ஆசிரியர் பெயர்கள், அடைமொழிகள், ஆண்டுகள் எல்லாவற்றையும் என் குரலிலேயே போனில் பதிந்து வைத்துப் பஸ்ஸில் கேட்பேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருக்கும், அதனாலேயே தூக்கம் வராது. அப்புறம் பஸ் டிக்கெட் அளவுக்குத் துண்டுத்தாள் வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். சாப்பாட்டு இடைவேளை அரை மணி, வரிசையில் நிற்கும் பத்து நிமிஷத்தில் நாலு தாள். ஒரு தடவை சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார், ஏதோ யூனியன் நோட்டீஸ் என்று நினைத்து. பிரித்துப் பார்த்தால் "திராவிட சிசு என்று அழைக்கப்பட்டவர் யார்?" மறுபக்கம் பார்க்காமல் "யாருப்பா?" என்று என்னையே கேட்டார். திருஞானசம்பந்தர் என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கொடுத்துவிட்டார்.

டைரிக் கணக்குப்படி அந்த 20 மாதத்தில் நாளுக்குச் சராசரி ஒன்றரை மணி. சி ஷிப்ட் வாரங்களில் பூஜ்யம், அதற்கு என்ன தந்திரம் செய்தாலும் நடக்கவில்லை, பகலில் தகரக் கூரை ரூமில் தூங்கி எழுந்தால் தலை கனக்கும், எழுத்து மேல் எழுத்து ஏறும். மொத்தம் கூட்டினால் வீட்டில் சுமார் 1,700 மணி, கம்பெனியில் சுமார் 900 மணி. ஆனால் இந்த 900-ல் கதையடிப்பு கிடையாது, நேரம் இல்லை என்று தெரிந்ததால் எதைப் படிக்க வேண்டாம் என்று முடிவெடுக்க முடிந்தது. குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தவறான விடைக்கு மைனஸ் கிடையாது. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இந்த அமைப்பில் தமிழும் கணக்கும் சேர்ந்து 125 கேள்வி. இரண்டையும் துண்டு துண்டாகப் படிக்கலாம், தினம் இரண்டு கணக்கு, பத்துத் துண்டுத்தாள். அடிபடுவது பொது அறிவும் நடப்பு நிகழ்வும்தான்.

தேறாவிட்டால்? சம்பளம் வந்திருக்கும், பி.எஃப். ஏறியிருக்கும், அனுபவம் இருக்கும். நான் 20 மாதத்தில் 90,000 சேர்த்திருந்தேன். முடிவு வருகிற அன்று கை நடுங்கியது உண்மை, ஆனால் 2023 மார்ச்சில் முதல் முடிவு வந்தபோது நடுங்கியது போல் இல்லை. அன்று பி ஷிப்ட், முடிவைப் பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே வேலையா படிப்பா என்று கேட்பதைவிட, எந்த நேரத்து வேலை என்று கேட்க வேண்டும். 20,000 தருகிற சுழற்சி ஷிப்டைவிட 12,000 தருகிற, ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிற ஆபீஸ் படிப்பவருக்கு மேல். பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டு படிக்கலாம், நேரம் நம் கையில் என்று நிறையப் பேர் இறங்குகிறார்கள். ஆர்டர் குவிகிற நேரம் மத்தியானமும் ராத்திரியும், அந்த நேரத்தில் ஓடினால்தான் காசு, மழை பெய்தால் இன்னும் காசு, அதை விட்டுவிட்டு யார் புத்தகத்தைத் திறப்பார்கள்? இதைவிட ட்யூஷன் எவ்வளவோ தேவலாம். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தால் அது தேர்வுக்கான பாடமேதான், அதே புத்தகம், படித்ததற்குக் காசும் வரும். மாதம் ஐந்தாயிரம் ஆறாயிரம் தாண்டாது, மே மாதம் ஒன்றும் வராது, அதுதான் குறை.

குரூப் 2 என்கிறபோது கணக்கு மாறுகிறது. குரூப் 4 ஒரே தேர்வு, கொள்குறி வகை, ஓஎம்ஆர் தாளில் முடிந்துவிடும். குரூப் 2-க்கு முதல்நிலை தாண்டினால் முதன்மைத் தேர்வு, அதில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எழுத்துப் பயிற்சியைத் துண்டுத்தாளில் செய்ய முடியாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும், எழுதியதை யாராவது திருத்தித் தர வேண்டும். இதற்கு வேலையை விடுவது நியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் எப்போது விடுவது என்பதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். 2024-ல் முதல்நிலை செப்டம்பர் 14, முடிவு டிசம்பர் 12, குரூப் 2 முதன்மைத் தேர்வு 2025 பிப்ரவரி 23. முடிவு வந்தபின் விடலாம் என்றால் இரண்டு மாதச் சொச்சம்தான் இருக்கும், அதில் நோட்டீஸ் காலமே பாதியைத் தின்றுவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டால், முதல்நிலை தாண்டாதபோது எல்லாம் போச்சு. நான் சொல்கிற நேரம் முதல்நிலை எழுதிய சில நாட்களில் உத்தேச விடைக்குறிப்பு வெளியிடுவார்களே, அது. அதை வைத்துத் தன் கணக்கைத் தானே திருத்திப் பார்த்து, நல்ல எண்ணிக்கை வந்தால் அன்றைக்கே ராஜினாமா. முதன்மைத் தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும், நோட்டீஸ் காலம் போனாலும் பாதிக்கு மேல் மிஞ்சும். அந்த ஐந்து மாதத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு நாலு மாதத்துக்கும் சாப்பாட்டுக் காசு வங்கியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் வேண்டாம்.

இப்போது தங்கை கதைக்கு வருகிறேன். அவள் இன்னும் சமச்சீர்ப் புத்தகத்தை ஒரு தடவை கூட முழுசாகப் படிக்கவில்லை. பகலில் தூங்கி இரவில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலையில் அந்த முதல் வாசிப்பு நடக்காது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் இருக்கிற வேலையிலேயே இரு என்று சொல்லவில்லை. 18,000-த்தில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 7,500, வீட்டுக்கு 4,000, மீதி பஸ், மருந்து மாத்திரை, அது இது என்று போய் மாதம் இரண்டாயிரம் மிஞ்சினால் அதிகம். ஊருக்கு வந்து 9,000 சம்பளத்தில் ஒரு பகல் வேலையில் சேர்ந்தால், வாடகையும் மெஸ்ஸும் இல்லை, கையில் மிஞ்சுவது இதே இரண்டு மூன்றாயிரம்தான் வரும். ராத்திரித் தூக்கம் திரும்பும், காலையில் ஒன்றரை மணி, இரவில் ஒன்றரை மணி என்று வைத்தால் ஒரு வருஷத்தில் முதல் வாசிப்பை முடித்துவிடலாம். குரூப் 4-ம் நடுவில் வந்தால் எழுதலாம், பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

இதுவரை ஒத்துக்கொண்டாள். எந்தப் பகல் வேலை என்பதில்தான் சண்டை. எங்கள் ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆள் கேட்டிருக்கிறார்கள், பத்திலிருந்து ஆறரை வரை, பி.காம். படித்தவளுக்குப் பொருத்தமான வேலை, ஜிஎஸ்டி, டேலி எல்லாம் கைக்கு வரும், தேர்வு கைகூடாவிட்டாலும் அந்த அனுபவம் சோறு போடும் என்கிறாள். என் அளவுகோலையே எடுத்து என் மேல் எறிகிறாள். நான் சொல்வது, அங்கே மாதா மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல், ஜூலை வந்தால் வருமான வரிக் கணக்கு, செப்டம்பர் என்றால் தணிக்கை அறிக்கை, தீபாவளி நேரத்து ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். ஆறரைக்கு விடுவார்கள் என்பது பேச்சுக்குத்தான். 2024-லும் 2025-லும் குரூப் 2 முதல்நிலை நடந்ததும் செப்டம்பரில்தான். அதைவிட ஒரு மெட்ரிக் பள்ளி ஆபீஸில் கேஷியர் வேலை இருக்கிறது, 8,000-தான், ஆனால் நாலரைக்கு மணி அடித்துவிடும், காலாண்டு, அரையாண்டு லீவும் உண்டு. "ஸ்கூல்ல மூணு வருஷம் ஃபீஸ் வாங்கினேன்னு சொன்னா எவன் வேலை தருவான்?" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆடிட்டரிடம் செப்டம்பரில் மட்டும் பத்து நாள் லீவு முன்கூட்டியே பேசிப் பார் என்றேன், பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ராஜினாமாக் கடிதத்தின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. நோட்டீஸ் காலம் 60 நாள். அதற்குள் ஆறாம் வகுப்புத் தமிழும் சமூக அறிவியலும் முடிக்கிறாளாம், பழைய புத்தகம் என் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இருக்கிறது, அட்டைதான் போய்விட்டது. அம்மாவிடம் யார் சொல்வது என்கிற பேச்சை மட்டும் இரண்டு பேரும் இன்னும் எடுக்கவில்லை.